வாசனை எண்ணெயும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

"உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு, இனி அன்ரிபயோட்டிக் கேட்காது." "கராம்பெண்ணெய் எந்தக் கிருமியையும் கொல்லுமாம், ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள்." கிளிநொச்சியோ, ஒட்டுசுட்டானோ, கனகராயன்குளமோ, ஆறாத புண்ணோடு ஒருவர் இருக்கிற வீட்டுக்கு இந்த இரண்டு கதையும் கட்டாயம் வந்து சேரும். முதலாவது கதையில் ஒரு சொல் பிழை. இரண்டாவதில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. அந்த இரண்டு சொற்களையும் சரியான இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. வேதியியல் படித்திருக்கத் தேவையில்லை. குளக்கட்டும் வயலும் தெரிந்தால் போதும்.

எந்த எண்ணெயைப் பற்றிக் கதைக்கிறோம்?

நம் வீடுகளில் எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய். விதையையோ பருப்பையோ ஆட்டிப் பிழிந்து எடுப்பவை இவை. எல்லாமே கொழுப்பு. கடதாசியில் ஒரு துளி விட்டால் கறை அப்படியே நிற்கும்.

வாசனை எண்ணெய் வேறு சாதி. செடியின் இலை, பட்டை, மொட்டு, பழத்தோல் ஆகியவற்றில் சின்னச் சின்னப் பைகளில் அடங்கியிருக்கும், காற்றில் பறந்துபோகக்கூடிய மணப்பொருட்களின் கலவையே வாசனை எண்ணெய். துளசியைக் கசக்கினால் மூக்குக்கு வருவது அதுதான். கடதாசியில் ஒரு துளி விட்டால் சில மணி நேரத்தில் பெரும்பாலும் கறையே இல்லாமல் பறந்துவிடும். இதைச் சிலர் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று எழுதுகிறார்கள். அது பிழையான மொழிபெயர்ப்பு. ஆங்கிலப் பெயரில் உள்ள சொல்லுக்கு இங்கே 'சாரம்' என்றுதான் பொருள். உடம்புக்கு இன்றியமையாதது என்ற எண்ணத்தை அந்தப் பெயர் வீணாக ஏற்படுத்திவிடுகிறது.

இதை எடுக்கும் முறை நீராவி வடிப்பு. பெரிய பாத்திரத்தில் இலையையோ பட்டையையோ நிரப்பி, கீழிருந்து நீராவியை ஏற்றுவார்கள். நீராவி மணப்பொருளையும் இழுத்துக்கொண்டு குழாயால் வெளியேறும். குழாயைத் தண்ணீரால் குளிரவைத்தால் ஆவி மறுபடி நீராகும், எண்ணெய் அதிலிருந்து பிரிந்து நிற்கும். பெரும்பாலான எண்ணெய்கள் மேலே மிதக்கும். கராம்பெண்ணெயும் கறுவாப்பட்டை எண்ணெயும் நீரை விடப் பாரம் என்பதால் அடியில் தங்கும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கவனித்து வையுங்கள், பிறகு தேவைப்படும். 100 கிலோ பச்சை எலுமிச்சம்புல்லில் இருந்து கிடைப்பது ஏறத்தாழ 200 முதல் 500 கிராம். கராம்பு மொட்டு விதிவிலக்கு: 100 கிலோ காய்ந்த மொட்டில் 15 கிலோவுக்கு மேலும் கிடைக்கும்.

ஒவ்வொரு எண்ணெயிலும் பல பத்துப் பொருட்கள் கலந்திருந்தாலும் ஒன்றோ இரண்டோதான் தலைமை. கராம்பில் யூஜினோல், கறுவாப்பட்டையில் சினமல்டிகைட், எலுமிச்சம்புல்லில் சித்ரால், ஓமத்தில் தைமோல், யூக்கலிப்டஸில் சினியோல். ஆராய்ச்சிகளில் அதிகம் அடிபடும் டீ ட்ரீ எண்ணெயில் டெர்பினன்-4-ஓல். பெயரைப் பார்த்து மலைநாட்டுத் தேயிலையில் எடுப்பது என்று நினைக்கவேண்டாம். அது அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மெலலூக்கா என்ற மரத்தின் இலையில் இருந்து வருவது, தேயிலைக்கும் அதற்கும் உறவில்லை.

பழகிப்போனது எது?

இப்போது முதலாவது கதைக்கு வருவோம். அன்ரிபயோட்டிக் என்பது பற்றீரியாவின் ஒரு குறிப்பிட்ட பாகத்தைத் தாக்கி, நம் உடம்பு தாங்கக்கூடிய சிறிய அளவிலேயே அதைக் கொல்லும் அல்லது பெருகவிடாமல் நிறுத்தும் மருந்து. தடிமனும் டெங்குவும் வைரசால் வருபவை. அவற்றுக்கு இந்த மருந்தால் பயனில்லை.

வயலில் ஒரே களைநாசினியைப் போகத்துக்குப் போகம் அடித்துக்கொண்டு வந்தால் என்ன நடக்கிறது? முதல் வருடம் புல் கருகிப்போகிறது. நூறாயிரம் செடிக்குள் இரண்டு மூன்று மட்டும், பிறப்பிலேயே ஏதோ ஒரு மாற்றம் இருந்ததால், தப்பி நிற்கின்றன. போட்டிக்குப் புல் இல்லாத வயலில் அவை தாராளமாக விதை கொட்டுகின்றன. சில வருடத்தில் அந்த வயலில் நிற்பதெல்லாம் அந்த இரண்டு மூன்றின் பிள்ளைகள். களைநாசினி யாருக்கும் எதையும் பழக்கவில்லை, எது மிஞ்சவேண்டும் என்பதை மட்டும் தெரிவுசெய்தது. நெல்லுக்கும் மண்ணுக்கும் இதில் பங்கில்லை.

புண்ணில் நடப்பதும் இதுவே, ஆனால் பயங்கரமான வேகத்தில். நல்ல சூழலில் ஈ.கோலை என்ற பற்றீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். தடையில்லாமல் பெருகினால் பத்து மணி நேரத்தில் ஒன்று நூறு கோடி. அதோடு புல்லால் செய்யமுடியாத ஒரு காரியத்தையும் பற்றீரியா செய்யும். எதிர்க்கும் விதம் எழுதப்பட்ட சிறிய மரபுத் துண்டைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பற்றீரியாவுக்குக்கூடக் கைமாற்றும். மருந்து இருக்கும்போதும் பற்றீரியா பெருகக்கூடிய இந்த நிலைக்கு மருந்தெதிர்ப்பு என்று பெயர்.

எதிர்க்கும் வழிகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் சுரப்பது ஒன்று. உள்ளே வந்த மருந்தை வோட்டர் பம்ப் போல வெளியே இறைப்பது இன்னொன்று. மருந்து பிடிக்கும் பாகத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்வது மூன்றாவது. பெனிசிலின் குடும்பம், பற்றீரியா தன் சுற்றுச்சுவரைக் கட்டும் கருவியைப் பிடித்துப் பூட்டும். நம் உடற்கலங்களுக்கு அப்படியொரு சுவரே இல்லாததால் நமக்குப் பாதிப்புக் குறைவு. தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியாவில் ஒரு பிரிவு அந்தக் கருவியின் மாற்றுப் பிரதி ஒன்றைப் பெற்றுக்கொண்டது. மருந்து அதைப் பிடிக்காது. பெனிசிலின் குடும்பத்து மருந்தான மெதிசிலின் பாவனைக்கு வந்து ஓரிரு வருடத்துக்குள், 1961 இலேயே, இங்கிலாந்தில் இது பதிவாகிவிட்டது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று ஆஸ்பத்திரிகளில் சொல்வது இதைத்தான். 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்தெதிர்ப்புப் பற்றீரியாவால் நேரடியாக உயிரிழந்ததாக 2022 இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு மதிப்பிட்டது.

இதுவரை: முதலாவது கதையில் 'உடம்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கிருமி' என்று போடவேண்டும். ஒருமுறையும் அன்ரிபயோட்டிக் போடாத குழந்தைக்கும் மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றலாம். பழகிப்போனது குழந்தையின் உடம்பு இல்லையே.

குளக்கட்டில் கசிவு

வாசனை எண்ணெய் பற்றீரியாவைக் கொல்லும் என்பது உண்மை. எப்படி என்று பார்த்தால்தான் அதன் பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரியும்.

இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுக்கு ஒரு பக்கம் நீர் உயர்ந்து நிற்கிறது, மறுபக்கம் தாழ்ந்த வாய்க்கால். அந்த உயர வேறுபாடுதான் குளத்தின் சக்தி முழுவதும். துருசைத் திறந்தால் நீர் வேகமாகப் பாய்ந்து வயலுக்குப் போகிறது. பற்றீரியாவைச் சுற்றியும் அப்படியொரு கட்டு உண்டு. மென்சவ்வு என்று பெயர். இரண்டு அடுக்குக் கொழுப்பாலான மெல்லிய தோல் அது. மென்சவ்வின் ஒரு பக்கத்தில் மின்னேற்றம் உள்ள நுண்துகள்களைக் குவித்துவைத்து, அவை சிறிய வாசல்களால் பாயும் வேகத்தைக் கொண்டு பற்றீரியா தனக்கு வேண்டிய சக்தியை உண்டாக்குகிறது. கட்டு இறுக்கமாக இருக்கும்வரை உயிர் இருக்கும்.

அன்ரிபயோட்டிக் துருசின் ஒரு திருகைப் பார்த்து இறுக்குவது போல. எண்ணெய் கட்டுக்குள்ளேயே ஊறுகிறது. யூஜினோல், தைமோல் போன்றவை நீரை விடக் கொழுப்பை விரும்பும். ஆகவே கொழுப்பாலான மென்சவ்வுக்குள் புகுந்து அதன் அடுக்கைக் குலைக்கின்றன. கட்டு நூறு இடத்தில் கசியத் தொடங்குகிறது. உள்ளே வைத்திருந்த பொட்டாசியம் வெளியே போகிறது, இரண்டு பக்கத்து மட்டமும் சமப்படுகிறது, சக்தி உற்பத்தி நின்றுவிடுகிறது.

எம்.ஆர்.எஸ்.ஏ. யும் கொஞ்சம் விளங்கும் இப்போது. அது மாற்றிக்கொண்டது சுவர் கட்டும் கருவியை மட்டும். கொழுப்புக் கட்டு முன்போலவே இருக்கிறது. அதனால் சாதாரண ஸ்டஃபிலோகொக்கஸைக் கொல்லும் அதே அளவு டீ ட்ரீ எண்ணெய், எம்.ஆர்.எஸ்.ஏ. யையும் ஏறத்தாழ அப்படியே கொல்கிறது. இந்த ஒரு செய்திதான் 'அன்ரிபயோட்டிக்கால் முடியாததை எண்ணெய் செய்கிறது' என்று ஊரெல்லாம் ஓடுகிறது. செய்தி பொய்யில்லை.

எல்லாப் பற்றீரியாவும் இப்படி வழிவிடுவதில்லை. 1884 இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்பவர் கண்டுபிடித்த சாயமூட்டும் முறையால் பற்றீரியாக்களை இரண்டு பெரும் கூட்டமாகப் பிரிக்கிறார்கள். கிராம் நேர் பற்றீரியாவுக்கு மென்சவ்வும் தடித்த சுவரும் உண்டு. ஸ்டஃபிலோகொக்கஸ் இந்தக் கூட்டம். கிராம் எதிர் பற்றீரியாவுக்கு அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு, அலைகரைக்குக் கல் அடுக்கியது போல. கொழுப்பை விரும்பும் பொருட்கள் அதைத் தாண்டுவது கடினம். ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் எல்லாம் இந்தக் கூட்டம். சூடோமோனாஸ், தாண்டி வந்ததையும் பம்ப் வைத்து இறைத்துவிடும். மருந்தெதிர்ப்பில் இன்று மருத்துவர்களை அதிகம் கவலைப்படுத்துவது இந்தக் கிராம் எதிர்க் கூட்டம்தான் என்பதை எண்ணெய் பற்றிய காணொளிகள் சொல்வதே இல்லை.

கட்டு உடைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் உடற்கலங்களைச் சுற்றியிருப்பதும் கொழுப்பு மென்சவ்வுதான். எண்ணெய்க்குக் கிருமியின் கட்டு எது, நம் கட்டு எது என்று தெரியாது.

இதுவரை: எண்ணெய் தாக்குவது பொதுவான இடத்தை, அதனால் பழைய மருந்தெதிர்ப்பு அதைப் பெரும்பாலும் தடுக்காது. அதே காரணத்தால் அது நம்மையும் தாக்கும். மிச்சமெல்லாம் அளவுக் கணக்கு.

ஆய்வுகூடத் தட்டில் நடப்பது

'ஆராய்ச்சியில் நிரூபித்தது' என்று சொல்லப்படுவதில் மிகப்பெரும் பங்கு ஒரு எளிய சோதனை. வட்டத் தட்டில் ஏகார் கூழை உறையவைத்து (வீட்டில் இனிப்புக்குப் போடும் சைனா கிராஸ் போன்றதுதான்), அதன் மேல் பற்றீரியாவைச் சீராகப் பூசுவார்கள். 6 மில்லிமீற்றர் கடதாசி வட்டு ஒன்றை எண்ணெயில் தோய்த்து நடுவில் வைத்து, 35 பாகை வெப்பத்தில் ஓர் இரவு விடுவார்கள். காலையில் வட்டைச் சுற்றிப் பற்றீரியா வளராத தெளிந்த வளையம் தெரியும். படம் எடுக்க வடிவாக இருக்கும்.

அன்ரிபயோட்டிக்கைச் சோதிக்க உருவான இந்த முறை எண்ணெய்க்குச் சரியாகப் பொருந்தாது. ஏகார் முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர், எண்ணெய் அதில் பரவாது. நல்ல எண்ணெய்கூடச் சிறிய வளையம் காட்டலாம். மறுபக்கம், எண்ணெய் ஆவியாகி மூடியின் கீழ் பரவி, தொடாத இடத்திலும் வளர்ச்சியைத் தடுக்கலாம். ஆகவே 'கறுவா எண்ணெய்க்கு 30 மில்லிமீற்றர், அன்ரிபயோட்டிக்குக்கு 20 மில்லிமீற்றர், கறுவாவே பலம்' என்று ஒப்பிடுவது செல்லாது. வட்டில் இருந்தது எவ்வளவு என்று கேளுங்கள்: எண்ணெய் 10 மைக்ரோலீற்றர் என்றால் அது ஏறத்தாழ 10,000 மைக்ரோகிராம். பக்கத்தில் இருக்கும் அன்ரிபயோட்டிக் வட்டில் பெரும்பாலும் 5 முதல் 30 மைக்ரோகிராம்.

நம்பக்கூடிய அளவு வேறு. மருந்தைப் பாதி பாதியாகக் கரைத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கரைசலிலும் ஒரே அளவு பற்றீரியாவை விட்டு, எந்தக் கரைசல்வரை வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பார்கள். வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவுக்குக் குறைந்தபட்சத் தடைச்செறிவு என்று பெயர். எண்ணெய் நீரில் கலக்காதபடியால் கலக்கும்பொருள் ஒன்றைச் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், பற்றீரியா கீழே நிம்மதியாக வளரும், முடிவு பிழைக்கும். கலக்கும்பொருளை அளவுக்கு மேல் போட்டாலும் எண்ணெய் அதற்குள் சிறைப்பட்டு வலு குறையும்.

இனி எண்ணிக்கை. ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸுக்கு டீ ட்ரீ எண்ணெயின் தடைச்செறிவு பொதுவாக அரை வீதம் அளவில் வரும். அதாவது லீற்றருக்கு 5 மி.லீ., நிறையில் ஏறத்தாழ 4,500 மி.கி. அதே பற்றீரியாவின் சாதாரண வகைக்கு குளோக்சசிலின் என்ற அன்ரிபயோட்டிக் லீற்றருக்கு அரை மி.கி. அல்லது அதற்கும் குறைவாகப் போதும். ஒன்பதாயிரம் மடங்கு வித்தியாசம். எண்ணெய் பலமானது என்று சொல்லும்போது இந்த இடைவெளி ஒருவருக்கும் நினைவில் வருவதில்லை.

தட்டிலிருந்து உடம்புக்கு

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம். இரத்தத்தில் மட்டும் அரை வீதம் வரவேண்டுமானால் 25 மி.லீ. தூய எண்ணெய் கலக்கவேண்டும். சில எண்ணெய்களில் 5 மி.லீ. உட்போனாலே குழந்தை மயங்கி விழும். கிருமி சாகும் அளவுக்கு வெகு முன்பே மனிதருக்கு ஆபத்து வந்துவிடுகிறது.

அது மட்டுமா? குடித்த எண்ணெய் இரத்தத்துக்கு அப்படியே போவதில்லை. ஈரல் அதை வேகமாக வேறு பொருளாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். தப்பி வந்ததும் இரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். புண்ணுக்கு வெளியே பூசினாலும் இதே தொல்லை: சீழ், இரத்தம், செத்த தசை எல்லாம் எண்ணெயை உறிஞ்சிவிடும். சுத்தமான தட்டில் அரை வீதத்தில் நடந்தது சீழ் நிறைந்த புண்ணில் நடப்பதில்லை.

நாட்பட்ட புண்ணில் பற்றீரியா தனித்தனியாக மிதப்பதும் இல்லை. தானே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக ஒட்டி வாழும். குளத்துக் கல்லில் வழுக்கும் பாசிப் படலத்தை நினைத்துக்கொண்டால் சரி. உயிர்ப்படலம் என்று இதற்குப் பெயர். அன்ரிபயோட்டிக்குக்கே உள்ளே போவது கடினம். தைமோல், யூஜினோல் போன்றவை இந்தப் படலத்தைத் தளர்த்துவதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். எண்ணெயையும் அன்ரிபயோட்டிக்கையும் வெவ்வேறு அளவில் கலந்து சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் வைத்துப் பார்க்கும் சோதனைகளில், சில சோடிகள் தனித்தனியாகச் செய்வதை விடச் சேர்ந்து அதிகம் செய்கின்றன. உண்மையான நம்பிக்கை இருக்கும் இடம் இது என்பது எங்கள் எண்ணம். ஆனால் அந்தச் சோடி புண்ணுள்ள மனிதரில் சோதிக்கப்பட்டு மருந்தாக வரவேண்டும். வீட்டில் குளிசையோடு நாலு துளி விடுவது அதற்கு மாற்றாகாது.

இன்னுமொன்று. கொல்லாத அளவுக்குக் குறைவான எண்ணெயோடு நீண்டநாள் வாழும் பற்றீரியாவும் பம்பைக் கூட்டி, மென்சவ்வை இறுக்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். 'எண்ணெய்க்கு எதிர்ப்பு வரவே வராது' என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இதுவரை: இரண்டாவது கதையில் விடுபட்ட சொல் 'தட்டில்'. கராம்பெண்ணெய் பல கிருமிகளைத் தட்டில் கொல்லும். புண்ணிலும் இரத்தத்திலும் என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

மனிதரில் செய்த சோதனைகள்

சில உண்டு. 2004 இல் இங்கிலாந்தில் வெளியான ஒன்றில், உடம்பில் எம்.ஆர்.எஸ்.ஏ. தங்கியிருந்த 224 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு 10 வீத டீ ட்ரீ மூக்குக் களிம்பும் 5 வீத உடல் கழுவியும், மற்றப் பகுதிக்கு வழக்கமான மூக்குக் களிம்பான முபிரோசினும் குளோர்ஹெக்சிடின் கழுவியும் வெள்ளி சேர்ந்த களிம்பும். மொத்தத்தில் கிருமி நீங்கியது டீ ட்ரீ பகுதியில் 41 வீதம், வழக்கமான முறையில் 49 வீதம். பெரிய வேறுபாடில்லை. ஆனால் மூக்கை மட்டும் பார்த்தால் முபிரோசின் 78, டீ ட்ரீ 47. தோலின் மேற்புறத்தில் டீ ட்ரீ நன்றாகச் செய்தது. இங்கே கவனிக்கவேண்டியது, இவர்களில் கிருமி தோலிலும் மூக்கிலும் தங்கியிருந்ததுதான் பிரச்சினை. இரத்தத்தில் ஏறிய தொற்றுக்கு எண்ணெய் கொடுத்துப் பார்க்கவில்லை.

2013 இல் வடஅயர்லாந்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 391 நோயாளிகளில் செய்ததில், 5 வீத டீ ட்ரீ கழுவி சாதாரணக் குழந்தைச் சவர்க்காரக் கழுவியை விட எம்.ஆர்.எஸ்.ஏ. ஒட்டுவதைக் குறிப்பிடத்தக்க அளவு தடுக்கவில்லை. முகப்பருவுக்கு 1990 இல் அவுஸ்திரேலியாவில் 124 பேரில் செய்த சோதனையில் 5 வீத டீ ட்ரீ பலன் தந்தது. வழக்கமான மருந்தை விட மெதுவாக, ஆனால் எரிவு குறைவாக. பல்வைத்தியர் நாக ஒட்சைட்டு (சிங்க் ஒக்சைட்) தூளோடு யூஜினோலைக் குழைத்துப் பல்லில் தற்காலிகமாக அடைப்பதும், தைமோலும் சினியோலும் சேர்ந்த வாய்கொப்பளிப்பு முரசு அழற்சியைக் குறைப்பதும் நிலைபெற்ற பாவனைகள்.

எல்லாமே மேற்பரப்பு. தொட்டுக் கழுவக்கூடிய இடம்.

வேதும் கசாயமும்

நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வருவது. மூக்கடைப்பு இளகும், சுவாசம் இலகுவாகும், உடம்புக்கு இதமாக இருக்கும். அந்தப் பயன் உண்மை. கிருமியைக் கொல்கிறதா என்பதற்கு முன்பு சொன்ன கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 கிராம் எலுமிச்சம்புல்லில் இருப்பது 20 முதல் 50 மி.கி. எண்ணெய், ஏறத்தாழ ஒரு துளி. அதை 2 லீற்றர் தண்ணீரில் போட்டால் முழுவதும் இறங்கினாலும் 0.0025 வீதத்தைத் தாண்டாது. தட்டில் தேவைப்பட்ட அரை வீதத்துக்கு 200 மடங்கு குறைவு. கொதிக்கும்போது பாதி காற்றோடு போய்விடும். துளசிக் கசாயமும் கற்பூரவள்ளிச் சாறும் இதே கணக்குத்தான். தடிமனுக்குக் குடிக்கலாம். நிமோனியாவுக்கு அதை நம்பி மூன்று நாள் இருந்துவிடக்கூடாது.

வேது பிடிக்கும்போது பாத்திரம் சரிந்து குழந்தைகள் வெந்துபோவது உலகெங்கும் நடக்கும் விபத்து. சின்னப் பிள்ளைகளைக் கொதிநீர்ப் பானைக்கு மேல் குனியவிடாதீர்கள்.

எண்ணெயைக் கையாளும்போது எங்கே பிழைக்கிறது

முதல் பிழை குடிப்பது. யூக்கலிப்டஸ் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லீ., குழந்தைக்கு வலிப்பையும் மயக்கத்தையும் கொண்டுவரலாம். கற்பூரம் ஒரு கிராம் அளவு சின்னக் குழந்தையின் உயிரையே எடுக்கும். கராம்பெண்ணெய் 5 முதல் 10 மி.லீ. குடித்த குழந்தைகளுக்கு ஈரல் பழுதடைந்திருக்கிறது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக்கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி.

இரண்டாவது, நேரடியாகப் பூசுவது. காயமில்லாத தோலில் பூசுவதானால் 30 மி.லீ. தேங்காயெண்ணெய்க்கு 12 துளி, அதுவே 2 வீதம் (20 துளி ஏறத்தாழ 1 மி.லீ.). கராம்பெண்ணெய் என்றால் 3 துளிக்கு மேல் வேண்டாம். கறுவாப்பட்டை எண்ணெய் தோலைக் கடுமையாகக் கிளறும், தோலுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. முதலில் முன்கையின் உட்புறம் சிறிது பூசி இரண்டு நாள் பாருங்கள். திறந்த புண், கண்ணோரம், குழந்தையின் மூக்கடி ஆகிய இடங்களில் கூடாது. எரிவை 'மருந்து பிடிக்குது' என்று எடுத்துக்கொள்வது பிழை. எரிவது நம் கலங்களின் கட்டும் உடைவதன் அறிகுறியாக இருக்கலாம், உடைந்த கலம் புண்ணை மூட உதவாது.

மூன்றாவது, வைக்கும் இடம். தகரக் கூரைக்குக் கீழ், பங்குனி சித்திரை வெயிலில், மூடி இளகிய போத்தலில் டீ ட்ரீ எண்ணெய் ஒட்சியேற்றமடையும். அப்படிப் பழுதான எண்ணெய் ஒவ்வாமையை அதிகம் உண்டாக்கும். கறுப்பு அல்லது கபிலக் கண்ணாடிப் போத்தல், இறுக்கிய மூடி, குளிர்ந்த இருட்டு. முன்பு சொன்ன கடதாசிச் சோதனை தேங்காயெண்ணெய் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும், கற்பூரத்தைலம் (டேர்பன்டைன்) கலந்ததைக் காட்டாது, ஏனென்றால் அதுவும் பறந்துவிடும்.

சேற்றுக் காலில் காயம்

காலபோகத்தில் வெறுங்காலோடு சேற்றில் நிற்பவருக்குக் காயம் வந்தால் முதல் மருந்து தண்ணீர். ஓடும் சுத்தமான தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் ஐந்து நிமிடமாவது கழுவி, மண்ணை எடுத்து, சுத்தமான துணியால் மூடவேண்டும். கிருமியின் எண்ணிக்கையைக் குறைப்பதில் எந்தப் போத்தலையும் விட இது முந்தும். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

வயல் மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிராம் எதிர்ப் பற்றீரியா மெலியோய்டோசிஸ் என்ற நோயைக் கொண்டுவரும். இலங்கையிலும் இது உண்டு. நீரிழிவு உள்ளவர்களை அதிகம் தாக்கும். பெனிசிலின் உட்படப் பல அன்ரிபயோட்டிக்குகளுக்கு அது இயல்பாகவே அடங்காது. சரியான மருந்து குறைந்தது 10 முதல் 14 நாள் இரத்த நாளம் வழியாக, பிறகு மூன்று மாதம் குளிசையாகப் போகும். 'அன்ரிபயோட்டிக் கேட்கவில்லை' என்று எண்ணெய்க்கு மாறும் ஒருவருக்கு உண்மையில் தேவையானது பெரும்பாலும் வேறு அன்ரிபயோட்டிக். சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், சீழ் கட்டினால், நீரிழிவுக்காரர் காலில் சின்னக் காயம் வந்தாலே, வைத்தியரிடம் போகவேண்டும். செயற்கைக்கால் போடுபவர்கள் இன்னும் கவனம். துண்டித்த காலின் முனையில் எண்ணெய் பூசிச் செயற்கைக்காலின் குழிக்குள் இறுக்கினால் காற்றுப் படாமல் எண்ணெய் அதிகமாக உள்ளே போய்த் தோலை உரித்துவிடும். புண் ஆறும்வரை காலைக் கழற்றி வைப்பதும் குழியின் பொருத்தத்தைச் சரிபார்ப்பிப்பதும்தான் வழி.

எந்த மருந்து கேட்கும் என்று அறிய ஆஸ்பத்திரியில் ஏ.பி.எஸ்.டி. என்ற சோதனை இருக்கிறது. புண்ணின் ஆழத்தில் பஞ்சுக்குச்சியால் எடுத்து, கிருமியை வளர்த்து, ஒவ்வொரு அன்ரிபயோட்டிக்கையும் அதன் மேல் வைத்துப் பார்ப்பார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். தாளில் எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. அன்ரிபயோட்டிக் தொடங்குமுன் எடுப்பதே நல்லது. புண்ணில் எண்ணெயோ மஞ்சளோ பூசியிருந்தால் எடுக்கும்போது சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் வளராமல் 'கிருமி இல்லை' என்று வரலாம். அந்தத் தாளைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள். அடுத்த முறை வேறு வைத்தியரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.